குடத்து விளக்கும் குன்றின் விளக்கும்



குடத்துள் இட்ட விளக்கு என்றும், குன்றின்மேல் இட்ட விளக்கு என்றும் இரண்டு விளக்குகளைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். எண்ணெயும் திரியும் இரண்டிற்கும் ஒன்றே. வைத்த இடம் வேறு. ஆதலின் பயனும் வேறு. இன்று நான் சொல்ல விரும்புவதும் ஒருவகை விளக்கைப் பற்றியே. ஆனால் இதன் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. கம்பியின்றி இணையத்தைக் கொண்டுவந்து தரும் அச்சிறு பெட்டியைக் கடைக்காரர் 'ஆக்சஸ் பாயின்ட்' என்பார். நீங்கள் பொதுவாக 'வைஃபை' என்கிறீர்கள். நான் அதனை 'அணுகுநிலையம்' என்று வழங்குகிறேன். அதனை வீட்டினுள்ளும் வெட்டவெளியிலும் எவ்வாறு நிறுவுவது, நிறுவுமுன் எதனை எண்ணிப் பார்ப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியும் அந்த அணுகுநிலையமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மத்திய அலையின் நீளம் சில நூறு மீட்டர். வைஃபை அலையின் நீளமோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் மூன்று விரற்கடைக்குச் சற்று ஏறக்குறைய அமையும். 1985ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை உரிமமின்றிச் செய்திப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 1997இல் அதற்குரிய முதல் பொதுத் தரவிதி வெளியாயிற்று. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதி வெளியிடங்களிலும் பயன்படும் வகையில் 2018இலும் உரிமக் கட்டுப்பாட்டினின்று விடுபட்டன. இதனாலேயே இன்று ஒரு சிற்றூர்ப் பள்ளியும் எவரிடமும் உரிமம் கேளாமல் தனக்கென ஒரு சிறு நிலையம் அமைத்துக்கொள்ள முடிகிறது.

இனி, அலையின் இயல்பினை அறிவோம். முதலாவது, தொலைவு. விளக்கினின்று இரு மடங்கு தொலைவு சென்றால் ஒளி நான்கில் ஒன்றாகும். மும்மடங்கு சென்றால் ஒன்பதில் ஒன்றாகும். இந்த அலைக்கும் அதே விதிதான். இரண்டாவது, தடை. மரப்பலகையும் கண்ணாடியும் சிறிதளவே தடுக்கும். செங்கற்சுவர் அதனினும் மிகுதியாகத் தடுக்கும். இரும்புக்கம்பி கோத்த கான்கிரீட் பெரிதும் தடுக்கும். இரும்புத் தகடு ஏறத்தாழ முற்றிலும் தடுத்துத் திருப்பிவிடும். தண்ணீர் இவ்வலையை உறிஞ்சும். மனித உடலிலும் பெரும்பகுதி தண்ணீர் அன்றோ? ஆகவே, வெறும் வகுப்பறையில் நன்றாக வேலை செய்யும் கருவி, 40 மாணவர் வந்து அமர்ந்தபின் சற்றுத் தளர்ந்துபோகும். சோதனை செய்பவர் இதனை மறக்கலாகாது.

அலையின் வலிமையை அளக்க ஒரு கணக்கு உண்டு. 'டிபிஎம்' என்னும் அலகில் அது எப்போதும் கழித்தல் குறியோடு வரும். கழித்தல் 30 என்றால் மிக வலிமை. கழித்தல் 80 என்றால் நலிவு. மூன்று குறைந்தால் வலிமை பாதியாகும். பத்துக் குறைந்தால் பத்தில் ஒன்றாகும். முகம் பார்த்துப் பேசும் பாடங்கள் தடையின்றி நடைபெறக் கழித்தல் 67 என்னும் அளவேனும் கிடைக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ளோர் கைக்கொள்ளும் நெறி. கைப்பேசியில் இதனைக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டடத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வோர் அறையிலும் நின்று அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே.

நான் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் இவ்வேலை நடந்தபோது, ஆலோசனைக் குழுவில் என்னையும் அமர்த்தினர். ஐந்து கருவிகளுக்கே பணம் இருந்தது. தலைமையாசிரியர் அறை, அலுவலகம், ஆசிரியர் ஓய்வறை, கணினி அறை, கூட்ட அரங்கு என ஐந்தும் பங்கிடப்பட்டு எழுதி முடிந்திருந்தன. விளையாட்டுத் திடலுக்கு அப்பால் தகரக் கூரையிட்ட ஒரு கட்டடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பின் இரு பிரிவுகள் அங்கே படித்தன. அப்பிள்ளைகள் இணையத்தில் பாடம் காண வேண்டுமானால், திடலைக் கடந்து வந்து அலுவலகப் படிக்கட்டில் நிற்க வேண்டும். "அவர்களுக்கு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஒருவர்.

இரக்கம் பேசி அந்த வழக்கை வெல்ல நான் முயலவில்லை. பௌதிகமே எனக்குத் துணை நின்றது. ஓர் அணுகுநிலையத்தின்கீழ் உள்ள கருவிகள் யாவும் ஒரே காற்றினைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரும்பாலும் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கின்றன. அருகில் இருப்பது விரைந்து பேசி முடித்துவிடும். தொலைவில் நலிந்த அலையோடு நிற்பதோ, அதே செய்தியை மெல்ல மெல்லத்தான் சொல்ல முடியும். சொன்னது தவறினால் மீண்டும் சொல்லும். அவ்வளவு நேரமும் ஏனையோர் காத்திருப்பர். "படிக்கட்டில் நிற்கும் பிள்ளை தான் மட்டும் துன்புறவில்லை, ஐயா; அலுவலகத்தின் வேகத்தையும் அவனே குறைக்கிறான். கடைசி வகுப்பறைக்குக் கொடுத்தால் முதல் அறைக்கும் நலம்" என்றேன். குழுவினர் சற்று நேரம் பேசாதிருந்தனர். பின்பு பட்டியல் மாறியது. அலுவலகக் கணினிகள் மேசையை விட்டு நகர்வதில்லை. அவற்றிற்குக் கேபிளே போதும். தலைமைக் கட்டடத்து வகுப்பறைகளுக்கு இரண்டு நிலையங்கள், திடலின் இரு கரைகளிலும் எதிரெதிராக வெளிநிலையங்கள் இரண்டு, தகரக் கட்டடத்தினுள் ஒன்று என ஐந்தும் முடிவாயின. ஆசிரியர் ஓய்வறைக்கு ஒன்றும் இல்லை என்பதில் சிலருக்கு மனக்குறைதான். அதனை மறைப்பதற்கில்லை.

உள்நிலையங்களை நிறுவும் முறையைக் கேளுங்கள். அணுகுநிலையத்தை இரும்பு அலமாரியின் மேலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னாலோ ஒளித்து வைத்தல், விளக்கைக் குடத்துள் இடுதலே ஆகும். மக்கள் இருக்கும் அறையிலேயே, அதன் நடுப்பகுதியில், கூரையின்கீழ் அதனைப் பொருத்துக. நடைவழியில் வைத்தால் அலை நடைவழியில் நெடுந்தூரம் ஓடும். அறைக்குள் நுழையத் தயங்கும். ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு கேபிள் செல்ல வேண்டும். அதனுள் எட்டுச் செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். அதன் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. செய்தியோடு மின்சாரத்தையும் அதே கேபிள் வழியே அனுப்பும் முறைக்கு 2003இல் தரவிதி ஏற்பட்டது. ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் அதில் செல்லும். ஆகவே, கூரையில் தனியாக ஒரு பிளக் வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது, தடங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் நம் நாட்டில் 13 தடங்கள் உள்ளன. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றையொன்று தொடாதவை என 1, 6, 11 ஆகிய மூன்றையே கொள்கின்றனர். அடுத்தடுத்த நிலையங்களுக்கு ஒரே தடத்தைக் கொடுத்தால், ஒரே அறையில் இரண்டு ஆசிரியர் இரண்டு பாடங்களை நடத்துவது போலாகும். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் தடங்கள் மிகுதி. ஆனால் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு. ஆதலின் இரண்டையும் அளவறிந்து ஆளுதல் வேண்டும்.

வலிமையை உச்சத்தில் வைத்தால் நல்லதுதானே என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. ஒலிபெருக்கியில் பேசுபவரின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும்; கடைசி வரிசையில் எழுந்து ஒருவர் கேட்கும் கேள்வி மேடைக்குக் கேளாது. அணுகுநிலையம் உரக்கப் பேசலாம். உங்கள் கைப்பேசியின் குரலோ சிறியது. இருவரும் ஒருவரையொருவர் கேட்டால்தான் உரையாடல் நடைபெறும். ஆகவே, ஒன்றை உரக்கப் பேச வைப்பதினும், அளவோடு பேசும் இரண்டை அருகருகே வைப்பது மேல்.

இனி வெளிநிலையம். எங்கள் திடலின் குறுக்களவு 140 மீட்டர். கேபிளின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனவே இரண்டு திசையலைவாங்கிகளை எதிரெதிரே நிறுத்தினோம். கைவிளக்கின் ஒளியைக் குவித்து ஒரு திசையில் செலுத்துவது போல, இவை அலையைக் குவித்து அனுப்புவன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு முனையினின்று பார்த்தால் மறுமுனை கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. அவ்விரண்டிற்கும் இடையே அலைக்குக் கதிர் வடிவான ஒரு வெளி வேண்டும்; நடுவில் பருத்தும் முனைகளில் சிறுத்தும் இருக்கும் நூற்கதிரை எண்ணிக்கொள்ளுங்கள். 140 மீட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதன் நடு ஆரம் ஏறத்தாழ 1.4 மீட்டர். ஒரு கிலோமீட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 5.6 மீட்டர். இவ்வெளியில் பெரும்பகுதி தடையின்றி இருத்தல் வேண்டும். எங்கள் நேர்க்கோட்டின் அருகே ஒரு வேப்பமரம் நின்றது. இலையுதிர்ந்த மாசியில் அளந்தால் எல்லாம் செம்மையாகத் தோன்றும். தளிர்த்து அடர்ந்த சித்திரையில் இணைப்பு தளரும். மரத்தை வெட்டலாமா என்று கேட்டார் ஒருவர். கம்பத்தையே ஆறடி தள்ளி நட்டோம். வேம்பின் நிழலில்தான் அப்பிள்ளைகள் உணவுண்கின்றனர்.

வெளியில் நிற்கும் கருவிக்கு மழையும் வெயிலும் இடியும் பகை. தூசியும் நீரும் புகாத உறை, வெயில் தாங்கும் கறுப்புக் கேபிள், நல்ல எர்த் இணைப்பு, மின்னல் தாக்கத்தைத் தணிக்கும் காப்புக்கருவி ஆகிய நான்கும் இன்றியமையாதவை. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் அதனைச் சற்றுக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி நுழைக்க வேண்டும். மழைநீர் அவ்வளைவில் சொட்டி வீழ்ந்துவிடும், உள்ளே வராது. ஏணியில் ஏறும் வேலையைப் பழகிய பணியாளரிடமே விடுங்கள். மின்கம்பிகளின் அருகே கம்பம் நடாதீர்கள்.

வெளிநிலையத்தின் ஆற்றலுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2006ஆம் ஆண்டளவில், தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இத்தகைய அலையாலேயே இணைத்தனர். சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை நீண்டன. சிற்றூரில் அமர்ந்த நோயாளியைத் தேனியில் இருந்த மருத்துவர் திரையிற் கண்டு பேசினார். அங்கே தோன்றிய இடர் வியப்பானது. வைஃபையில் ஒவ்வொரு செய்திக்கும் 'பெற்றேன்' என்னும் மறுமொழி வர வேண்டும். அலை 15 கிலோமீட்டர் செல்ல 50 மைக்ரோநொடி ஆகும். திரும்ப மற்றுமோர் 50. சில நூறு மீட்டருக்கென அமைந்த கருவி அவ்வளவு நேரம் காத்திராது. செய்தி தவறியதென்று எண்ணி மீண்டும் அனுப்பும். ஆய்வாளர் அந்த விதிமுறையையே மாற்றி எழுதினர். மற்றோர் இடர், ஏறியும் இறங்கியும் வந்த மின்னழுத்தம். அது பல கருவிகளைப் பழுதாக்கியது. அலையைவிட மின்வழங்கலே மிகுதியும் தொல்லை தந்தது என்று அவர்கள் எழுதியுள்ளனர். நம் ஊர்களில் இக்கருவிகளை வைப்போர்க்கு இது பெரும் பாடம்.

கருவியை மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, அமைப்பு வேலை இருக்கிறது. தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. காப்புமுறையில் 2018இல் வந்த மூன்றாம் பதிப்பையோ, கருவி பழையதாயின் இரண்டாம் பதிப்பையோ தேர்ந்தெடுக்க. எல்லா நிலையங்களுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால், நடந்து செல்பவரின் கைப்பேசி தானே அடுத்த நிலையத்தைப் பற்றிக்கொள்ளும். மதிப்பெண்ணும் கணக்கும் உள்ள அலுவலக வலையை மாணவர் வலையினின்று பிரித்து வைக்க. முகவரி வழங்கும் பொறுப்பை ஒரே கருவியிடம் விடுக. இரண்டு கருவிகள் வழங்கினால் குழப்பமே மிஞ்சும். இறுதியாக, எந்தக் கேபிள் எங்கே செல்கிறது, எந்த நிலையத்திற்கு எந்தத் தடம் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. நிறுவியவர் ஊர் மாறிச் சென்றாலும் ஏடு பேசும்.

மாணவ மாணவியரே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ அணுகுநிலையம் இருக்கிறதா? நாளைக் காலையிலேயே ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையிலும் நின்று அலையின் வலிமையைக் குறியுங்கள். கழித்தல் 67க்கும் கீழே செல்லும் அறைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அங்கே யார் அமர்ந்து படிக்கின்றனர் என்பதையும் அருகில் எழுதுங்கள். அத்தாளை உங்கள் ஆசிரியரிடம் பணிவோடு கொடுங்கள். குறை கூறும் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிடலாம்; அளந்து எழுதிய தாளை எவரும் எளிதில் ஒதுக்க இயலாது.