குழந்தையின் ஒரு நாள்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம அபிவிருத்தி என்றதும் சாலை, கிணறு, குளம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆனால், கிராம சபையில் எழுந்து நின்று தம் தெருவின் குறையை முறையாக எடுத்துரைக்கவும், அதையே மனுவாக எழுதித் தரவும் நம்மில் எத்தனை பேரால் இயலுகிறது? இந்தத் தயக்கம் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதிலேயே வேரூன்றிவிடுகிறது. ஆகவே, அதை அந்த வயதிலேயே களைதல் வேண்டும்.

குழந்தைக்கு எதைப் பற்றிப் பேசக் கற்பிப்பது? அதற்கு நன்கு தெரிந்த பொருள் அதன் அன்றாட வாழ்க்கையே. விவசாயியின் குழந்தைக்கு இவ்வகையில் பெருஞ்செல்வம் இருக்கிறது. கன்றை அவிழ்த்து ஊட்டவிட்ட பிறகே பால் கறக்க வேண்டும் என்பதை அது அறியும். வரிசை, காரணம் இரண்டும் அந்தச் சிறு செய்தியில் அடங்கியுள்ளன. நல்ல கட்டுரைக்கு வேண்டிய அடிப்படையும் இவைதாம்.

முதற்படி பேச்சு. மாலையில் குழந்தையை அருகில் அமர்த்தி, "இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "பிறகு என்ன நடந்தது?", "அதற்கு முன்?", "ஏன்?" என்ற மூன்று கேள்விகள் போதும். இதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்கும் செவி இருந்தால் போதும்.

இரண்டாம்படி படம். எழுந்தது, குளித்தது, பள்ளிக்குச் சென்றது, விளையாடியது என நான்கு கட்டங்களில் குழந்தை வரையட்டும். மூன்றாம்படியாக, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சொல்; நான்காம்படியாக, ஒரு வாக்கியம். தமிழின் 247 எழுத்துகளையும் கற்று முடித்த பின்னரே வாக்கியம் எழுதலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை சொல்வதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், தன் வாய்ச்சொல்லே எழுத்தாவதை அது கண்டு மகிழும்.

"எந்திரிச்சேன், பல்லு வெளக்கினேன்" என்று குழந்தை கூறினால் அதைக் கடிந்து நிறுத்திவிடாதீர்கள். அது பிழையன்று, பேச்சு வழக்கு. "எழுந்தேன், பல் துலக்கினேன் என்று எழுதுவோம்" என அருகிலிருந்து காட்டினால் போதும். நாளடைவில் "எழுந்து, பல் துலக்கி, குளித்து, பள்ளிக்குச் சென்றேன்" என்று செயல்களைக் கோத்து எழுதக் குழந்தை பழகும். நேற்று நடந்ததற்குச் "சென்றேன்", நாளும் நடப்பதற்குச் "செல்வேன்" எனக் கால வேறுபாடும் இலக்கணப் பெயர்களின் சுமையின்றியே மனத்தில் பதியும்.

தமிழக அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளின் அடிப்படைக் கல்வியைக் கருதி வகுக்கப்பட்டது. பள்ளியில் ஆசிரியர் விதைப்பதற்கு வீட்டில் நீர் பாய்ச்ச வேண்டியவர்கள் நாமே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள். அக்குழுவில் கட்டடப் பழுதைப் பற்றிப் பேசுவதோடு, "நம் குழந்தைகள் தம் நாளைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதுகிறார்களா?" என்றும் கேளுங்கள்.

இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. குழந்தை உண்மையையே எழுதும். "தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்தேன்" என்றோ, "இரவு சாப்பிடவில்லை" என்றோ ஒரு குழந்தை எழுதக்கூடும். அதை அழித்துவிட்டு அழகான வாக்கியம் எழுதச் சொல்வது பாவம். பிறர் முன் அதைப் படித்துக் காட்டி நாணச் செய்வதும் தகாது. ஆசிரியர் அதைப் பெற்றோரிடம் தனியே பேசட்டும். குடும்பத்தால் இயலாததற்கு ஊராட்சி வழி தேடட்டும். எழுதினால் கேட்பார் உண்டு என்று அறிந்த குழந்தைதான் மீண்டும் எழுதும்.

இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. ஒரு சிலேட்டும், நாள்தோறும் கால்மணி நேரமும் போதும். தன் நாளை அஞ்சாமல் சொல்லப் பழகிய குழந்தை, நாளை மருத்துவரிடம் தன் நோயைத் தெளிவாகச் சொல்லும். கிராம சபையில் ஊரின் குறையைத் துணிந்து சொல்லும். இன்று மாலையே உங்கள் இல்லங்களில் இப்பணியைத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு அமைகிறேன்.