கதை முடிவும் வாசகர் கடனும்



சில மாதங்களுக்கு முன்னர், என் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்தனர். இருவருக்குமிடையே பெரும் வழக்கு. "கொன்றுவிட்டான்" என்பது ஒருவன் கட்சி. "கொல்லவில்லை" என்பது மற்றவன் கட்சி. "சேர், நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்" என்று புத்தகத்தை என் மேசைமேல் வைத்தனர். அவர்களோடு வந்த மாணவி ஒருத்தி யாதும் பேசாது நின்றாள். இறுதியில் அவள் கேட்ட ஒரு கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'த கில்லிங் ஜோக்' என்பது. 1988ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டி. சி. கொமிக்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. கதையை எழுதியவர் அலன் மூர். சித்திரம் தீட்டியவர் பிறையன் பொலன்ட். இருவரும் ஆங்கில நாட்டவர். ஐம்பது பக்கமும் நிரம்பாத சிறு நூல். சிறுவர்க்கு உரியதன்று, கொடிய காட்சிகள் அதில் உண்டு. ஆயினும் அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றி நடந்த விவாதம் பெரிய நாவல்கள் பலவற்றுக்கும் வாய்க்காத ஒன்று.

கதையின் நாயகனைப் பலர் அறிவீர்கள். வௌவால் போன்ற உடை பூண்டு, கோதம் என்னும் கற்பனை நகரிலே இரவில் உலாவிக் குற்றவாளிகளைப் பிடிப்பவன் பற்மன். அவன் 1939இல் முதன்முதல் தோன்றினான். தொடக்கக் கதைகள் சிலவற்றிலே எதிரிகள் அவன் கையால் மடிந்ததுண்டு. அடுத்த ஆண்டளவிலே, நாயகன் கொலை செய்யலாகாது என்று பதிப்பாசிரியர்கள் விதி வகுத்தனர். நாளடைவில் அவ்விதியே அவனுடைய விரதமாயிற்று. அவனுடைய பெரும் பகைவன், வெள்ளை முகமும் பச்சை மயிரும் கொண்ட ஜோக்கர். இவன் 1940இல் வந்தவன். நாயகன் கொல்லமாட்டான், பகைவனோ கொலையை நிறுத்தமாட்டான். பிடிபடுவான், தப்புவான், மீண்டும் கொல்வான். மாதந்தோறும் இதழ் வெளிவர வேண்டுமாயின் பகைவனும் உயிரோடிருக்க வேண்டுமன்றோ!

இந்த நூலிலே ஜோக்கர் ஒரு கொள்கையை நிலைநாட்ட முயல்கின்றான். எத்துணை நல்லவனாயினும், ஒரே ஒரு கொடிய நாள் அவனைப் பித்தனாக்கிவிடும் என்பதே அக்கொள்கை. அதற்காகப் பொலிஸ் ஆணையாளர் கோர்டனின் வீட்டு வாசலிலே நின்று, கதவைத் திறந்த அவருடைய மகள் பார்பராவைச் சுடுகின்றான். தந்தையைக் கடத்திச் சென்று, கைவிடப்பட்ட களியாட்டுத் திடல் ஒன்றிலே அடைத்து வதைக்கின்றான். ஆனால் அவன் கொள்கை தோற்கின்றது. கோர்டன் சித்தம் கலங்கவில்லை. பற்மன் வந்து விடுவித்தபோது, பழி தீர்க்கும்படி அவர் கேட்கவுமில்லை. சட்டப்படியே அவனைப் பிடிக்கவேண்டும், நம் வழியும் செல்லத்தக்கதே என்பதை அவனுக்குக் காட்டவேண்டும் என்கின்றார்.

இனிக் கடைசிக் காட்சி. மழை பெய்கின்றது. பற்மன் ஜோக்கரை மடக்கிவிட்டான். ஆயினும் அடிக்கவில்லை. "இப்படியே போனால் நம்மில் ஒருவன் மற்றவனைக் கொல்வான். உன்னைத் திருத்த நான் உதவுகின்றேன்" என்னும் பொருள்படப் பேசுகின்றான். ஜோக்கர் சிறிது சிந்திக்கின்றான். காலங் கடந்துவிட்டது என்று மறுக்கின்றான். பின்னர் ஒரு பகிடி சொல்கின்றான். பைத்தியக்கார மருத்துவமனையிலிருந்து இருவர் தப்ப முயல்கின்றனர். ஒருவன் அடுத்த கட்டடத்துக் கூரைக்குப் பாய்ந்துவிட்டான். மற்றவன் அஞ்சி நிற்கின்றான். பாய்ந்தவன், "என் மின்சூளின் ஒளியை இடைவெளியிற் பாய்ச்சுகின்றேன், அதன்மேல் நடந்து வா" என்கின்றான். அதற்கு மற்றவன், "நான் என்ன பைத்தியமா? பாதி வழியில் நீ விளக்கை அணைத்துவிடுவாய்" என்கின்றான்.

இதைக் கேட்டுப் பற்மனும் சிரிக்கின்றான். இருவரும் சேர்ந்து சிரிக்கின்றனர். பற்மனுடைய கை ஜோக்கரை நோக்கி நீள்கின்றது. பொலிஸ் வண்டியின் ஒலி நெருங்குகின்றது. சித்திரம் மெல்லக் கீழிறங்கி, அவர்கள் கால்களையும் தரையிலே தேங்கிய நீரையும் காட்டுகின்றது. சிரிப்பொலி நின்றுவிடுகின்றது. நீரின் மேற் கிடந்த ஒளிக்கோடு மறைகின்றது. இறுதிக் கட்டத்திலே மழைத்துளி விழும் நீர் மட்டுமே உண்டு. கதையின் முதற் கட்டத்திலும் அதே மழைநீர்தான் இருந்தது.

நீண்ட கை எங்கே சென்றது? தோளுக்கா, கழுத்துக்கா? சிரிப்பு ஏன் நின்றது? பல ஆண்டுகளாக வாசகர்கள் கேட்டுவரும் வினா இதுவே.

கொன்றான் என்போர் காட்டும் சான்றுகள் வலியன. சிரிப்பு நின்றது, ஒளி அணைந்தது, நூலின் பெயரிலேயே கொலை உள்ளது, இருவரில் ஒருவன் மாளவேண்டிவரும் என்று பற்மனே கூறியுள்ளான். கொல்லவில்லை என்போர் சான்றுகளும் எளியனவல்ல. சட்டப்படி பிடிக்கவேண்டும் என்ற கோர்டனின் சொல் அங்கே நிற்கின்றது. பொலிஸ் வண்டியின் ஒலியும் சிரிப்போடு சேர்ந்தே ஓய்கின்றது. அவ்வண்டி வந்து நின்றது என்பதே அதன் பொருள் என்கின்றனர். அந்த ஒளி அவ்வண்டியின் விளக்கொளியாகலாம். மேலும் ஜோக்கர் அதே 1988ஆம் ஆண்டிலே வேறொரு கதையில் உயிரோடு வருகின்றான். அதற்கு எதிர்க்கட்சியார், இந்நூல் மாத இதழ்க் கதையன்று, தனித்து நிற்பது என்று விடை கூறுவர்.

இத்தகைய வழக்குகளில் வாசகர் பெரியோர் வாக்கைத் தேடுவது இயல்பு. 2013இல், பற்மன் கதைகள் பல எழுதிய கிறான்ட் மொறிசன் ஓர் உரையாடல் நிகழ்ச்சியிலே, பற்மன் ஜோக்கரைக் கொன்றுவிடுகின்றான் என்பதே அம்முடிவின் பொருள் என்று உறுதியாய்ச் சொன்னார். வாசகருலகில் பெரும் ஆரவாரம் எழுந்தது. சிலர் உடனே அலன் மூர் எழுதிய மூலப் பிரதியைத் தேடியெடுத்து, கொலையென்ற குறிப்பு அதில் இல்லையெனக் காட்டினர். பின்னர் மூரும், அவ்விருவரும் ஒரு கணம் தங்கள் நிலையைத் தெளிந்துணர்ந்து சிரித்ததையே தாம் கருதியதாகக் கூறினார். ஆனால் சித்திரகாரர் பொலன்டோ, 2008இல் தாமே மீண்டும் வண்ணந் தீட்டி வெளியிட்ட பதிப்பின் பின்னுரையிலே, உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன் என்று தொடங்கி, பற்மனுடைய கை நீண்ட இடத்திலேயே வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்!

எழுதியவர் வாக்கு ஒன்று. எழுதாத எழுத்தாளர் வாக்கு மற்றொன்று. வரைந்தவர் வாக்கு பாதி வாக்கு. வழக்கு முடிந்ததா? இல்லை. வாசகர் முன்னுள்ளது எழுதியவர் மனமன்று; அச்சான பக்கமே. அந்தப் பக்கத்திலே கை தோளிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. அது நீண்டுகொண்டேயிருக்கின்றது.

முடிவை ஐயமின்றி முடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படியும் ஒன்று நடந்தது. அதே 1988இல், 'பற்மன்' மாத இதழிலே, பற்மனின் இளந்துணைவனான றொபினை ஜோக்கர் இரும்புக் கோலால் அடித்து, வெடிகுண்டோடு அடைத்துவிடுகின்றான். குண்டு வெடிக்கின்றது. 427ஆம் இதழ் அவ்விடத்தில் நின்றது. றொபின் பிழைப்பதா, மடிவதா? அதனை வாசகரே தொலைபேசியில் வாக்களித்துத் தீர்க்கலாம் என்று நிறுவனம் இரண்டு இலக்கங்களை வெளியிட்டது. அழைப்பொன்றுக்கு ஐம்பது சதம். பிழைக்கட்டும் என்றோர் வாக்கு 5,271. மடியட்டும் என்றோர் வாக்கு 5,343. எழுபத்திரண்டே வாக்கு அதிகமாக, அந்தப் பிள்ளை மாண்டான்.

அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். செய்தித்தாள்கள் கண்டித்தன. பதிப்பாசிரியர் டெனிஸ் ஓநீல் பழிச்சொற்கு ஆளானார். 2005இல் அதே பாத்திரம் உயிரோடு மீண்டுவந்தது. 2023இல், றொபின் பிழைத்ததாக அமைந்த மாற்றிதழும் அச்சாகி வெளிவந்தது. வாக்கெண்ணி அடைத்த கதவை நிறுவனமே மீண்டுந் திறந்துவிட்டது! மூரும் பொலன்டும் திறந்து வைத்த கதவையோ இன்றுவரை எவராலும் அடைக்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டே நான் அம்மாணவர்க்கு விடை சொன்னேன். "தீர்ப்பு என்னிடம் இல்லை. நீ கொன்றான் என்கின்றாய்; அவன் கொல்லப்படவேண்டியவன் என்று உன் மனம் கருதுகின்றதோ? நீ கொல்லவில்லை என்கின்றாய். நல்லவன் ஒருபோதும் தவறான் என்று நம்ப விரும்புகின்றாயோ? படத்தை மட்டும் பார்த்துக் காரணம் எழுதிவாருங்கள். உங்கள் விருப்பம் எங்கே முடிகின்றது, படம் எங்கே தொடங்குகின்றது என்பது தெரியும்" என்றேன். நல்ல விடை சொல்லிவிட்டேன் என்று எனக்குள்ளே சிறு பெருமையும் உண்டாயிற்று.

அப்பொழுதுதான் அந்த மாணவி வாய் திறந்தாள்.

"சேர், அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"எந்தப் பிள்ளை?" என்றேன்.

"பார்பரா. சுடுபட்டாளே, அவள்."

நேயர்களே, நான் வெட்கமுற்றேன். நூலைப் புரட்டினேன். மருத்துவமனைக் கட்டிலிலே, இனி நடக்கமாட்டாள் என்ற செய்தியோடு, தந்தையை எண்ணிப் பதறும் நிலையில் அவளை விட்டுவிட்டுக் கதை சென்றுவிடுகின்றது. பின்னர் அவளிடம் திரும்பவேயில்லை. இரண்டு ஆடவர் மழையில் நின்று சிரித்ததைப் பற்றி உலகமே வழக்காடுகின்றது. அவர்கள் சிரித்த அந்நேரத்தில் அவள் கட்டிலிற் கிடக்கின்றாள். அவள் முடிவும் சொல்லப்படாத முடிவுதான். ஆனால் அது கலைக்காகத் திறந்து விடப்பட்டதன்று. நினைவிலே கொள்ளாமையால் விடுபட்டது. இந்தக் குறையை வாசகர் பலர் பின்னர் எடுத்துச் சொன்னார்கள். மூரும் இந்நூலைத் தம் நல்ல படைப்புகளுள் ஒன்றாகக் கொள்வதில்லை.

அந்த மாணவி கேட்ட கேள்வியை அவளுக்கு முன்னரே கேட்டோரும் உண்டு. கிம் யேல், யோன் ஒஸ்ட்றாண்டர் என்னும் எழுத்தாளத் தம்பதியர், அவளை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று துணிந்தனர். 1989இல் 'சூசைட் ஸ்குவாட்' என்னும் இதழிலே, 'ஒறக்கிள்' என்ற மறைபெயரோடு ஒருவரை நுழைத்தனர். அவள்தான் பார்பரா. சக்கர நாற்காலியில் இருந்தபடியே, கணினியின் துணையால் செய்திகளைத் திரட்டிப் பிற வீரர்க்கு வழிகாட்டுபவளானாள். இருபது ஆண்டுக்கு மேலாக அவள் அவ்வாறே வாழ்ந்தாள். 2011இல் நிறுவனம் அவளை மீண்டும் நடக்கச் செய்தபோது, உடற்குறையுள்ள வாசகர் பலர், தம்முள் ஒருத்தியை இழந்துவிட்டதாக வருந்தினர்.

ஆகவே, முடிவில்லா முடிவுகள் இரண்டு வகையின என்று இன்று நான் கருதுகின்றேன். ஒன்று, வாசகனைச் சிந்திக்க வைக்க ஆசிரியன் வேண்டுமென்றே விட்ட இடம். அதை அவசரப்பட்டு அடைத்தலாகாது. மற்றொன்று, துன்புற்ற ஒருவரை மறந்து கதை அப்பாற் சென்ற இடம். அதை அப்படியே விடுதலாகாது. முன்னதிலே வாசகன் கடன் பொறுத்திருத்தல். பின்னதிலே அவன் கடன் கேட்டல். நாம் ஆசிரியர்கள், முன்னதற்கு விடை கேட்டுப் புள்ளியிடுகின்றோம்; பின்னதை எத்தனை முறை கேட்கப் பழக்கியிருக்கின்றோம்?

மறுவாரம் இரு மாணவரும் தத்தம் காரணங்களை எழுதிவந்தனர். இரண்டும் நன்றாகவே இருந்தன. இருவரும் இன்னும் உடன்படவில்லை, ஆனால் பேசிக்கொள்கின்றனர். ஒறக்கிள் வரும் கதையொன்றை அம்மாணவி எங்கோ தேடிப் பெற்று, என்னிடம் வாசிக்கத் தந்தாள். அதனை வாசித்துக்கொண்டிருக்கின்றேன்.