மெல்லும்போது தாடை வலிக்கிறதா?

விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து, பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை புடைத்து எழும். காதுக்கு மேலே விசிறிபோல் விரிந்திருக்கும் அதுதான் கீழ்த்தாடையைத் தூக்கி வாயை மூடுகிறது. கன்னத்தைத் தொட்டால் இன்னொன்று தட்டுப்படும். முறுக்கு கடிக்கும்போது அதிகம் பாடுபடுவது அது. உள்ளே, பக்கத்துக்கு இரண்டு தசைகள் வேறு உண்டு.

இவற்றுக்கும் இரத்தம் வேண்டும். 50 வயதைக் கடந்த சிலருக்குத் தலையிலுள்ள இரத்தக் குழாய்கள் அழற்சியால் தடித்து, இரத்த ஓட்டம் குறையும். நாலு வாய் மென்றதும் தாடை வலிக்கும், நிறுத்தினால் அடங்கும். பல்வலி என்று நினைத்துக் கஞ்சிக்கு மாறிவிடுவோரும் உண்டு. எல்லாத் தாடை வலியும் இதுவல்ல. ஆனால், புதிதாகத் தலைவலியும் வந்து, தலை சீவும்போதும் வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண் மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாமதித்தால் பார்வை பறிபோகலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

பல்லை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். “மென்றால் வலிக்கிறது, நிறுத்தினால் போய்விடுகிறது” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.