கை கழுவினீர்களா, சிஸ்டர்?



பிரசவ வலி எடுத்தால் எங்கே போகிறோம்? ஆனேக்கல் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சிலர் பெங்களூரு வாணி விலாஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கிறோம். மருந்து இருக்கிறதா என்று கேட்கிறோம். தொடுகிற கை சுத்தமா என்று கேட்கிறோமா?

ஒன்று சொல்கிறேன். கதை இல்லை, நடந்தது. ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் டாக்டர்களும், டாக்டருக்குப் படிப்பவர்களும் பார்த்தார்கள். டாக்டர் வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். பிள்ளை பெற்ற சில நாளில் காய்ச்சல் வரும். உயிர் போய்விடும். அந்த வார்டு வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள்.

செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணம் தேடினார். டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் பார்ப்பார்கள். அந்தக் கையோடு வந்து பிரசவம் பார்ப்பார்கள். மருத்துவச்சிகள் பிணத்தை அறுப்பதில்லை. 1847 மே மாதம் அவர் ஒரு கட்டளை போட்டார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் தாயைத் தொட வேண்டும். ஏப்ரலில் அந்த வார்டில் 100 பேருக்கு 18 பேர் இறந்தார்கள். ஜூனில் 100 பேருக்கு 2 பேர்தான்.

பெரிய டாக்டர்கள் பலர் இதை ஏற்கவில்லை. உன் கை அழுக்கு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இன்று பிணம் வேண்டாம். ஒரு கட்டிலில் புண்ணைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் போதும். கிருமியும் கூடவே போகும். கையுறை போட்டாலும் கை கழுவ வேண்டும். கையுறையிலும் கிருமி ஒட்டும். நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கழுவ வேண்டும். சோப்பு, தண்ணீர் என்றால் 40 முதல் 60 நொடி. கையில் தேய்க்கும் ஸ்பிரிட் மருந்து என்றால் 20 முதல் 30 நொடி.

சிஸ்டரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் என்ன செய்வார்? தண்ணீர் எங்கே, சோப்பு எங்கே என்று பெரிய டாக்டரிடம் நாமும் கேட்கலாம்.

கேட்கக் கூச்சமா? கன்னடத்திலேயே கேளுங்கள். "கை தொள்கொண்ட்ரா அக்கா?" சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

அப்புறம் நம் ஆட்கள். பிள்ளையைப் பார்க்க ஊரே வரும். பஸ் கம்பியைப் பிடித்த கையோடு தூக்கும். அத்தையோ பாட்டியோ, யார் வந்தாலும் முதலில் சோப்பை நீட்டுங்கள்.