பெலும் குகையும் கண்டிக்கோட்டையும்: நான்கு நாள் பயணமும் ஒரு வேண்டுகோளும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



கடந்த டிசம்பரில் நம் குடியிருப்பைச் சேர்ந்த 11 பேர் ஆந்திராவுக்குப் போய் வந்தோம். எங்களில் ஆறு பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். திரும்பி வந்த நாள் முதல் பால் வாங்கப் போகும் இடத்திலும் நடைப்பயிற்சியிலும் எல்லோரும் மூன்று கேள்விகளைக் கேட்கிறீர்கள். அங்கே என்ன இருக்கிறது? எவ்வளவு செலவு? எங்கள் வயதுக்கு முடியுமா? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, நம் பக்கத்து மலை ஒன்றைப் பற்றி ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன்.

முதலில் குகை. பெலும் குகைகள் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்டலாவுக்கு அருகில் இருக்கின்றன. முன்பு இது கர்நூல் மாவட்டம். 'பிலம்' என்றால் பாதாளக் குகை. நம் தமிழ் அகராதியிலும் அந்தச் சொல் உண்டு. குகை என்றதும் மலையேற வேண்டும் என்று நினைப்போம். அங்கே மலையே இல்லை. சுற்றிலும் சமதளமான வயல்காடு. நடுவில் கிணறு போல ஒரு பெரிய பள்ளம். அதற்குள் படி இறங்கினால் பூமிக்குக் கீழே ஓர் ஊரே இருக்கிறது.

இதுவரை அளந்திருக்கும் நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வரை நம்மை அனுமதிக்கிறார்கள். நம் நாட்டின் சமவெளிப் பகுதிக் குகைகளில் இதுவே மிக நீளமானது என்கிறார்கள். சிங்கத்தின் பிடரி போலக் கல் தொங்கும் வாசல், லிங்கங்கள் வரிசையாக நிற்பது போன்ற கோடிலிங்கக் கூடம், ஆலமரத்து விழுதுகள் இறங்கியது போல ஓர் இடம், கூரை முழுக்க நாகப்படம் விரித்தது போல ஓர் இடம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். 'சப்தஸ்வர குகை' என்ற இடத்தில் கல்லைத் தட்டினால் சுரம் கேட்கும் என்பார்கள். கடைசியில் பாதாளகங்கை. நுழைவாயில் மட்டத்திலிருந்து 46 மீட்டர், அதாவது 150 அடி ஆழத்தில் ஒரு சிறிய நீரோடை. எங்கிருந்தோ வந்து, பாறைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது.

இது எப்படி உண்டானது என்று எங்களோடு வந்த பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். உங்கள் வீட்டு அடுப்படியிலேயே பதில் இருக்கிறது. நம் வீடுகளில் அலமாரித் தட்டுக்குப் போடுகிறோமே கடப்பா கல், அது அந்தப் பக்கத்துக் கல்தான். தாடிபத்ரியில் வரிசையாகக் கல் அறுக்கும் பட்டறைகளைப் பார்க்கலாம். கடப்பா கல்லில் எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே விட்டால் வெளுத்த தடம் விழும். ஏனென்றால் அது சுண்ணாம்புக்கல், புளிப்பு அதை அரிக்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வரும்போது, சோடாவைப் போல லேசான புளிப்பாகிவிடுகிறது. அந்தத் தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்துக் கரைத்து வழி உண்டாக்கியிருக்கிறது.

கரைத்த சுண்ணாம்பை அது சும்மா கொண்டுபோய்விடுவதும் இல்லை. கூரையிலிருந்து சொட்டும்போது கரியமில வாயு பிரிந்து போகிறது, சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. சொட்டுச் சொட்டாகப் படிந்ததுதான் நாம் பார்க்கும் கல் விழுது. பேங்கில் இருந்தவன் பாஷையில் சொன்னால் இது நீண்ட காலத் தொடர் வைப்பு. ஓர் அங்குலம் வளரவே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அதைக் கையால் தடவினால் நம் தோலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் வளர்ச்சி கெடும், நிறமும் மங்கும். ஒடித்தால் கணக்கையே முடித்த மாதிரி. நம் ஆயுளில் அது திரும்ப வராது.

இந்தக் குகையை 1884-இல் குறித்து வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர். 1863-இல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். அதற்குப்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1982 முதல் 1984 வரை டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மானியக் குழு ஒன்று வந்து உள்ளே இறங்கி விரிவாக அளந்தது.

இனி நான் சொல்லப்போவதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். 1980-களின் பிற்பகுதி வரை இந்தக் குகை சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் குப்பைக்குழியாக இருந்தது. பள்ளம் இருந்தால் குப்பை கொட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி ஒருவரும் உள்ளூர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து, இது குப்பைக்குழி இல்லை என்று எடுத்துச் சொல்லி, ஏறக்குறைய 20 ஆண்டுகள் விடாமல் பாடுபட்டார்கள். இதற்கிடையே அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 1999-இல் ஆந்திர சுற்றுலாக் கழகம் பொறுப்பேற்றுப் பாதை, விளக்கு, படிக்கட்டு, காற்றுக்குழாய் எல்லாம் அமைத்தது. 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதே சுண்ணாம்புக்கல்லுக்காகச் சுற்று வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகளும் சுரங்கங்களும் நிறைய இருக்கின்றன. அந்தச் சிலர் சும்மா இருந்திருந்தால் நாம் போய்ப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கண்டிக்கோட்டை. குகையிலிருந்து வேனில் 60 கிலோமீட்டர் அளவு. கடப்பா மாவட்டம், ஜம்மலமடுகுக்குப் பக்கம். தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பெண்ணை ஆறு ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச் சுவர், ஏறக்குறைய 300 அடி. அதன் விளிம்பில் செந்நிற மணற்கல்லில் கட்டிய கோட்டை. ஒரு பக்கம் ஆறே அகழி, பாறையே மதில். நந்திமலைப் பக்கம் பிறக்கும் இரண்டு பெண்ணைகளில் தென்பெண்ணை நம் தமிழ்நாட்டுக்கு வருகிறது. வடபெண்ணைதான் இங்கே ஓடுவது.

விஜயநகர காலத்தில் பெம்மசானி நாயக்கர்கள் இக்கோட்டையை ஆண்டார்கள். பிறகு கோல்கொண்டா படைத்தலைவர் மீர் ஜும்லா பிடித்தார். பிரெஞ்சு நாட்டு ரத்தின வியாபாரி தவர்னியே 1652-இல் இங்கே வந்து மீர் ஜும்லாவைச் சந்தித்திருக்கிறார். கோட்டை விழுந்தபின் பெம்மசானி வழியினர் தெற்கே வந்து, நெல்லைச் சீமையில் குருவிகுளம் பாளையக்காரர் ஆனார்கள் என்று சொல்வார்கள். உள்ளே மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, பெரிய தானியக் கிடங்கு எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நம் திண்டுக்கல் மலைக்கோட்டையில் பாறை மேலே ஏறி ஊரைப் பார்க்கிறோம். இங்கே ஏற்றம் இல்லை, நடந்துகொண்டே போனால் பாறை திடீரென்று காலடியில் முடிந்துவிடுகிறது. மாலை வெயிலில் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் சீக்கிரம் எழுந்து வர மாட்டார்கள்.

இப்போது செலவும் உடம்பும். சென்னைக்கு ரயில், அங்கிருந்து மும்பை பாதையில் தாடிபத்ரி. அங்கிருந்து பெலும் 30 கிலோமீட்டர். இரண்டு நாளைக்கு வேன் பேசிக்கொண்டோம். ரயில், வேன், அறை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5,600 ரூபாய்க்குள் முடிந்தது. கணக்குத் தாள் செயலாளரிடம் இருக்கிறது.

குகைக்குள் குளுகுளு என்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். புழுக்கம் அதிகம், பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். சில இடங்களில் குனிந்து போக வேண்டும், தரை வழுக்கும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். முட்டிவலிக்காரர்கள் முதல் கூடங்கள் வரை பார்த்தாலே போதும், பாதாளகங்கைப் படிகளை விட்டுவிடலாம். என் வீட்டுக்காரி அப்படித்தான் பாதியில் நின்றுகொண்டார். தண்ணீர் பாட்டிலும் பருத்தித் துணியும் அவசியம். கண்டிக்கோட்டை விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள்.

இனி வேண்டுகோள். நம் வாடிப்பட்டியிலிருந்து அணைப்பட்டிப் பக்கம் போனால் மேட்டுப்பட்டி சித்தர்மலை. பௌர்ணமிக்குப் போகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறீர்கள். அங்கே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டுகளும் துறவிகள் படுத்த கற்படுக்கைகளும் இருக்கின்றன. நம் பக்கத்துப் பாறை சுண்ணாம்புக்கல் அல்ல, தண்ணீரில் கரையாது. அதனால் பெலும் போல ஆழமான குகை இங்கே கிடையாது, பாறை நிழல்தான். பெலும் குகையைத் தண்ணீர் உண்டாக்கியது. நம் மதுரைப் பக்கத்துச் சமணர் படுகைகளிலோ, மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் காடி வெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். படுக்கிறவருக்கு ஈரம் ஆகாது என்று யாரோ அக்கறையாக உளி பிடித்திருக்கிறார். அந்தப் படுக்கைகள் சிலவற்றின் மேல் இன்று பெயிண்டில் காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும். பக்கத்தில் பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும்.

பெலும் மக்கள் 20 ஆண்டுகள் உழைத்தார்கள். நாம் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொடுத்தால் போதும். தொல்லியல் துறைக்கு முறைப்படி கடிதம் எழுதி அனுமதி பெற்றுப் போவோம். பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் பொறுக்குவோம். பாறையைத் தேய்ப்பதோ, திரவம் ஊற்றிப் பெயிண்டை அழிப்பதோ நம் வேலை அல்ல, அதைத் துறையில் தெரிந்தவர்கள் செய்யட்டும். பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துப் போவோம். தானே கூட்டிச் சுத்தம் செய்த இடத்தில் பிள்ளைகள் கிறுக்க மாட்டார்கள்.

கடிதத்தின் வரைவு என் பையில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறவர்கள் கையெழுத்துப் போட்டு, வர விரும்பும் ஞாயிற்றுக்கிழமையைப் பெயருக்கு எதிரே குறியுங்கள். அடுத்த ஆந்திரப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோருக்கு அதே தாளின் பின்பக்கம் இடம் விட்டிருக்கிறேன். முன்பக்கம் நிரம்பிய பிறகு பின்பக்கத்தைத் திருப்பலாம்.