தேர்க்காலும் தையற்சாலையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

வணிகமும் மனித உரிமையும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குப் பெரிய புராணக் கதைகள் அம்மம்மாவின் வாயிலாகவே கிடைத்தன. அவற்றுள் ஒன்றோடு தொடங்குகின்றோம்.

திருவாரூர் வீதியில் அரசகுமாரனின் தேர்க்காலில் அகப்பட்டுப் பசுக்கன்று ஒன்று இறந்தது. தேரிற் சென்றவன் மனுநீதிச் சோழன் அல்லன்; அவன் மகன். பரிகாரஞ் செய்து முடிக்கலாம் என்றனர் அமைச்சர். அரசன் உடன்படவில்லை. உயிர்களுக்குத் தன்னால் வரும் தீங்கை மட்டுமன்று, தன்னைச் சார்ந்தோரால் வரும் தீங்கையும் தடுப்பதே காவலன் கடன் என்பது அவன் கொள்கை.

இனி நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றுக்கு வருவோம். வங்காளதேசத்தில், டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சாவாரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதில் ஐந்து தையற்சாலைகள் நடைபெற்றன. மேல்மாடிகள் உரிய அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. 2013 ஏப்ரல் 23 ஆந் திகதி சுவர்களில் வெடிப்புக் கண்டது. பார்வையிட்ட பொறியியலாளர் கட்டடம் ஆபத்தானது என்றார். அங்கிருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. மறுநாள் வங்கி திறக்கப்படவில்லை. தையல் வேலை செய்தோரோ உள்ளே அழைக்கப்பட்டனர். வராவிடிற் சம்பளம் இல்லை என அச்சுறுத்தப்பட்டதாகத் தப்பியோர் கூறினர். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள்.

அன்பர்களே, சுவர் ஒன்று, வெடிப்பும் ஒன்று. வங்கி ஊழியரின் உயிருக்கு இருந்த மதிப்பு, தையல் மெஷின் முன் இருந்தவளின் உயிருக்கு ஏன் இல்லாது போயிற்று?

அங்கே தைத்த உடுப்புகள் மேல்நாட்டுக் கம்பனிகளின் பெயரால் விற்கப்பட்டவை. அக்கம்பனிகளுட் சில, தம் அனுமதியின்றியே அங்கு வேலை நடந்தது என்றன. ஆயின், 2011 ஜூனில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை ஏற்றுக்கொண்ட 31 வழிகாட்டு நெறிகள் வேறு விடை தருகின்றன. பேராசிரியர் ஜோன் ரகீ வகுத்த இந்நெறிகளின்படி, மனித உரிமையைக் காத்தல் அரசின் கடமை. மதித்தல் வணிக நிறுவனத்தின் பொறுப்பு. பாதிக்கப்பட்டோர் நிவாரணம் பெற வழியும் இருத்தல் வேண்டும். நிறுவனம் தன் செயலால் தீங்கு செய்யாதிருந்தாற் போதாது. தன் வணிகத் தொடர்பினால் தன் பொருளோடு இணைந்து வரும் தீங்கையுந் தடுக்க முயல வேண்டும். சோழன் கொண்ட கொள்கையும் இதுவன்றோ?

தருமஞ் செய்வது இப்பொறுப்புக்கு ஈடாகாது என்பதும் அந்நெறிகளின் கருத்து. பாடசாலைக்குக் கட்டடமும் கோயிலுக்கு மணியும் கொடுப்பது நன்றே. ஆனால் வேலையாளின் உயிரைப் பணயம் வைத்தவன் அதனாற் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. அமைச்சர் சொன்ன பரிகாரத்தைச் சோழன் மறுத்ததும் இதனாலேயே.

இவை வெறும் நெறிகள்தாமே, சட்டமல்லவே என்பர் சிலர். உண்மையே. எனினும் அவ்விபத்தின் பின், 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களோடு கம்பனிகள் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தன. அதில் இணைந்த கம்பனிகள் காலப்போக்கில் 200 ஐத் தாண்டின. 2017 இல் பிரான்சு தன் பெருங் கம்பனிகளுக்கு இப்பொறுப்பைச் சட்டமாகவே ஆக்கிற்று. இத்தனையும் நிகழ அத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்ததே என்பதுதான் துயரம்.

இது பிறநாட்டுக் கதையன்று. ஆடை ஏற்றுமதி நம் நாட்டிற்கும் பெருவருவாய். நம் சகோதரிமாரும் அத்தொழிலில் உள்ளனர். இந்நெறிகள் பெரிய கம்பனி, சிறிய கடை என்ற பேதமின்றி எல்லாருக்கும் உரியவை. ஆகவே நம் மலருக்கு விளம்பரந் தந்து ஆதரிக்கும் வணிகப் பெரியோரிடமும் பணிவோடு கேட்கின்றோம்: உங்கள் கடையில் நாள் முழுதும் நிற்கும் பிள்ளைக்கு இருக்க ஒரு கதிரை உண்டா? அவள் சம்பளம் தவணை தவறாது கிடைக்கின்றதா?

இளைஞர்களே, நாளை நாமும் கணக்காளராக, பொறியியலாளராக, முகாமையாளராக வருவோம். ஒருநாள் நம் கண்ணிலும் ஒரு வெடிப்புப் படும். அன்று "இது எம் பொறுப்பன்று" என்று கடந்து போகாதிருக்க இன்றே உறுதி கொள்வோமாக.