ஊரார் தந்த நான்கு காசு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கொடை என்றவுடன் கோயிலும் சத்திரமும் எழுப்பிய வள்ளல்களே நம் நினைவில் எழுகின்றனர். ஆயின், காமராசர் முதலமைச்சராயிருந்த 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது, அதனை முதலில் தாங்கியவர்கள் ஊர்ப் பொதுமக்களே. மறு ஆண்டு அரசு கைகொடுத்தது. ஓர் உணவுக்குப் பத்துக் காசு. ஆறு அரசினது, நான்கு ஊராரது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊரார் கொடையாலேயே வளர்ந்தன.

வளமான ஊர் எளிதில் கொடுக்கும். வறண்ட ஊர் எதைக் கொடுக்கும்? அக்குறைக்கு அரசின் ஆறு காசு துணைநின்றது. ஊராரின் நான்கு காசோ, ‘இது நம் பள்ளி’ என்னும் உரிமையை வளர்த்தது.

இன்று காக்கநாட்டில் நம்மவருள் சிலர் கணிப்பொறி நிறுவனங்களில் உயர்பணி ஆற்றுகின்றோம். சிலர் அடுக்குமாடிகளுக்குச் செங்கல் சுமக்கின்றனர். முன்னவர் இம்மேடையில் அமர்கின்றோம். பின்னவர் பந்தலுக்கு வெளியே நிற்கின்றனர். இது நம் குறையே. மலையாளம் விளங்காமல் வகுப்பில் பின்தங்கும் அவர்தம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பொன்று நடத்துவோம். நம் பிள்ளைகளையும் அவர்களோடு ஒரே வரிசையில் அமர்த்துவோம். பொருளுடையார் பொருளும், கற்றார் ஒரு மணி நேரமும் தருக. அதுவே நம் நான்கு காசு.

வாழ்க தமிழ்!